சுபேதாருக்கு விரித்த செய்தித்தாள்

போன செவ்வாய்க்கிழமை காலை, கல்லூரி அட்டெண்டர் மாடசாமி குற்றாலத்திலிருந்து சைக்கிள் மிதித்துத் தென்காசிக்கு வந்து, எங்கள் வீட்டுக் கம்பிக்கதவுக்கு வெளியே நின்றார். சாவி என் மாமியாரின் இடுப்பில் இருந்தது. அதனால் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே சொன்னார். "கோமதி டீச்சர் போயிட்டாவம்மா. நெஞ்சு வலிக்குதுன்னாவ, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னேயே முடிஞ்சிட்டு." நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். கதவு திறக்கும்வரை அழக்கூடத் தோன்றவில்லை.

கோமதியிடம் விலங்கியல் படித்தவர்கள்தான் இந்த நினைவு மலரைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவள் டீச்சர். எனக்கு ஒத்த வயதுக்காரி. இருபது வருடங்களுக்கு முன்பு, எழுபதுகளில், கல்லூரியின் ஒரே ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்தவள். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். மரியாதை குறைந்துவிட்டது என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

சுபேதாரை மறந்திருக்க மாட்டீர்கள். ராணுவத்தில் இருந்த அவள் அண்ணன், ராஜஸ்தானிலிருந்து விடுமுறைக்கு வரும்போது பிஸ்கட் டின்னில் கொண்டுவந்த பல்லி. ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பில் சிறுத்தைப் புள்ளிகள், தடித்த வால். சுவரேறத் தெரியாது. பட்டாளத்திலிருந்து வந்ததால் அந்தப் பெயர். கண்ணாடித் தொட்டியில் அதற்கு எதை விரிப்பது என்று பேச்சு வந்தபோது, முந்திரிக்கொட்டையாக முன்னால் நின்றவள் நான்தான். சிற்றாற்று மணலை அள்ளிவந்து, கழுவி, காயவைத்து, மூன்று முறை சலித்துக் கொட்டினேன்.

"பூச்சியப் புடிக்கையில மண்ணையும் சேத்து முழுங்கிராதாட்டி?" என்றாள் கோமதி.

"பாலைவனத்துல பொறந்தது. மணல்ல இருந்தாத்தான் அதுக்குச் சொந்த வீடு மாதிரி இருக்கும்" என்று அவள் வாயை அடைத்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள்.

அந்த வருடம்தான் எனக்குக் கல்யாணமாகியிருந்தது. சொந்தத்திலேயே பெரிய வீடு. நம்ம ஆட்கள், நம்ம பழக்கம், இவளுக்கு ஏற்ற இடம் என்று ஊரே சொன்னது. யாரும் என்னை அடிக்கவில்லை. ஐந்து மணி பஸ்ஸில் திரும்பியாக வேண்டும். கொழுந்தன் பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பான். நான் நுழைந்ததும் கதவு பூட்டப்படும். மாடிக்குப் போவதற்கும் காரணம் சொல்ல வேண்டும். கணவர் தன் அம்மாவிடம் எதையும் கேட்கமாட்டார். அங்கிருந்து வெளியே வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் மாதம் சுபேதார் இரையைத் தொடவில்லை. எச்சமும் இல்லை. வால் மெலிந்தது, வயிறு கல்லாக இருந்தது. கோமதி அண்ணனுக்கு எழுதினாள். அதை மணலில் பிடிக்கவில்லை, இறுகிய தரையில் கல்லுக்கு அடியில் பிடித்தேன் என்று பதில் வந்தது. அன்றே மணலை முழுக்க வெளியே அள்ளிக் கொட்டினாள். மரத்தூள் போடலாம் என்றார் மாடசாமி. "அதையும் முழுங்கும். இந்தச் சாரல்ல பூஞ்சையும் புடிக்கும்" என்றாள். செய்தித்தாளை மடித்து விரித்து, ஒளிந்துகொள்ள ஒரு ஓட்டுத் துண்டை வைத்தாள். தினமும் தாளை மாற்றினாள். வெதுவெதுப்பான தண்ணீரில் சுபேதாரை நிற்கவைத்து ஒரு விரலால் வயிற்றை நீவிவிட்டாள். என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் பக்கத்தில் நிற்கக் கூசியது. ஐந்தாம் நாள் மணல் கட்டியாக வெளியே வந்தது.

"பாக்குதவுகளுக்கு அழகா இருந்தாப் போதுமாட்டி? அதுல படுக்குததுட்டல்லா கேக்கணும்" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "ஒனக்கு அந்த வீட்டுல எப்படி இருக்கு?"

அதுவரை யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. நான் உடைந்து அழுதேன்.

"எங்க வீட்டுல ஒனக்குன்னு ஒரு பாய் சுருட்டி வச்சிருக்கேன். எப்பம்னாலும் வா. காரணமெல்லாம் கேக்க மாட்டேன்."

ஐந்து மணி ஆகப்போகிறது என்று கடிகாரம் காட்டியது. முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அடுத்த வருடம் வேலையை விடச் சொன்னார்கள், விட்டேன். என் தங்கை கல்யாணம் முடிந்ததும் வெளியே வந்துவிடலாம் என்றிருந்தேன். பிறகு மாமனார் படுக்கையில் விழுந்தார். பிறகு, பிள்ளையில்லாதவள் எங்கே போய் நிற்பாள் என்ற பயம். ஒவ்வொரு வருடமும் சாரல் சமயத்தில் மாடசாமி கம்பிக்கதவுக்கு வந்து, "பாய் அப்படியே இருக்காம்" என்று சொல்லிவிட்டுப் போவார். என்ன பாய் என்று மாமியார் கேட்பார். விலைக்கு வந்த பாய் என்று சொல்லிவைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை என்னைச் சாவு வீட்டுக்கு, ஐந்து மணி பஸ்ஸில் வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கோமதியைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பிய பிறகு, ஓய்வுபெற்று அந்த வீட்டிலேயே இருக்கும் அவள் அண்ணன் செய்தித்தாள் சுற்றிய பாய் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "ஒங்களுக்குன்னு வச்சிருந்தா. பூச்சி அரிக்கக் கூடாதுன்னு மாசாமாசம் தாளை மாத்துவா." தாளைப் பிரித்துப் பார்த்தேன். இந்த மாதத்துத் தாள்.

கோமதியிடமிருந்து எனக்கென்று இருப்பது இந்தப் பாய்தான். இதை அவள் வீட்டிலேயே விரித்து, இதில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்குப் பிறகு ஐந்து மணி பஸ் ஆறு முறை தென்காசிக்குப் போய்விட்டது. அண்ணனும் மதினியும் காரணம் கேட்கவில்லை.