பழவேற்காட்டில் கயிறாகிப்போன நைலான் நூல்

போன மாதம் பழவேற்காடு போனேன். ஏரி பார்க்க அல்ல, நூலை எடை போட! சுங்கத்தில் சரக்கை விடுவித்துக் கொடுப்பது என் தொழில். அங்கே வலைக்கடை வைத்திருக்கும் செல்வி அக்கா முதல்முறையாக வெளிநாட்டிலிருந்து தருவித்த நைலான் நூல் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. அவர் அனுப்பிய மாதிரியை எடை போட்டுக் 'கயிறு' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பெட்டியைத் திறந்த அதிகாரியோ, இது நூல் என்கிறார். இரண்டுக்கும் வரி வேறு.

பொன்னேரியிலிருந்து பேருந்தில் பதினெட்டு கிலோமீட்டர். உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இறங்கியதும் டச்சுக் கல்லறையைப் பார்த்துவிடுங்கள், வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பல் கப்பலாகத் துணி போனதாம். இன்றைக்கு நாலு பெட்டி நூல் உள்ளே வர இந்த அவஸ்தை.

"இன்னா சார், பொய் சொல்லிட்டோம்னு நெனச்சிட்டாங்களா?" அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. கையிலிருந்த பணமெல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் கிடந்தது. ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதைப் பாடு என்பார்கள். அவர் வீட்டுக்காரர் ஏகாம்பரம் அண்ணனின் முறை அமாவாசைக்கு. பழைய வலை நைந்துவிட்டது. பௌர்ணமிக்குள் நூல் வந்தால்தான் புதுசு பின்னி முடியும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு.

கணக்கு எளிது. ஒரு மீட்டர் ஒரு கிராமுக்கு மேல் கனத்தால் கயிறு, கீழே என்றால் நூல். சரக்கு அனுப்பியவர்கள் முன்பே கொடுத்திருந்த நூல்கண்டிலிருந்து பத்து மீட்டர் அறுத்து, பக்கத்து அடகுக்கடைத் தராசில் வைத்தேன். மூன்று கிராம்கூட இல்லை.

"அப்போ எனக்கு என்ன அனுப்புனீங்க?"

"இதேதான் சார். ஒத்தை இழையா அனுப்புனா கவர்ல கண்ணுக்கே தெரியாதுனு அஞ்சு இழைய முறுக்கி அனுப்புனேன். பாக்க நல்லா இருக்கட்டுமேனு."

தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனார். அன்றே திருத்தம் எழுதிக் கொடுத்தோம். சுங்கத்தில் நூலைச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

இறக்குமதி செய்கிறவர்களே, மாதிரியைக் கண்டிலிருந்து அறுத்தபடி அனுப்புங்கள். அழகுபடுத்தாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

பௌர்ணமி கழித்துத்தான் சரக்கு வந்தது. மனசு கேட்காமல் அமாவாசையன்று போன் செய்தேன்.

"அண்ணன் எங்கக்கா?"

"பக்கத்து ஊட்டுக்காரரோட வலை கட்டப் போயிருக்காரு சார். நம்ம இடத்துலதான். கூலிக்கு."