சனிக்கிழமை ஒத்திகை

மாமா செத்துப்போன பிறகும் சனிக்கிழமை வந்துகொண்டுதான் இருந்தது. மயிலாப்பூரில் எங்கள் சந்துக்குள் சாயங்கால வெயில் மஞ்சளாக இறங்கும்போது, யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அவர்தான் என்று தோன்றும். ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்தபடி காத்திருப்பேன். அந்த வேலைதான் எனக்குத் தெரியும். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது.

அவர் நாடகத்தில் கோமாளி வேஷம் போட்டவர். எத்தனை தடவை கழுவினாலும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் அதை விரலால் துடைத்து என் மூக்கில் வைத்துக்கொள்வேன். அவர்தான் என்னைப் பெற்றவர். ஆனால் மாமா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தாள். தி.நகரில் அவருக்குத் தாலி கட்டிய பெண்டாட்டியும் பிள்ளைகளும் இருந்தார்கள். யார் கேட்டாலும், "எங்க வூட்டுக்காரு கப்பல்ல கீறாரு" என்பாள் அம்மா. சொல்லிச் சொல்லி அவளுக்கே அது நிஜமாகிவிட்டது. கடற்கரைக்குப் போனால் தூரத்தில் தெரியும் கப்பலைப் பார்த்து முந்தானையைச் சரிசெய்துகொள்வாள்.

அவர் செத்த அன்று தி.நகர் வீட்டுக்கு எதிர்ப்பக்கம், அவருடைய நாடகத்தைப் பார்த்த ஜனங்களோடு ஜனங்களாக நின்றோம். எங்களைத் தாண்டிப் பாடை போனது. அழாதே என்று அம்மா என் கையை நெரித்தாள். வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி, பொட்டை முன்பைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டாள். கப்பல்காரர்தான் உயிரோடு இருக்கிறாரே. எனக்கோ ஒரே ஒரு தடவை அவரை மாமா என்றில்லாமல் நைனா என்று சொல்லி வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் அந்த மனிதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வீடு தேனாம்பேட்டையாம். மாமாவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதுகிறாராம்.

"சனிக்கிழமையானா மயிலாப்பூர்ல ஒத்திகை, விடிஞ்சுதான் வருவார்னு தி.நகர் அம்மா சொன்னாங்க. நாடகக் கம்பெனியை எப்பவோ மூடியாச்சே, அப்புறம் எங்கே ஒத்திகைன்னு தேடிக்கிட்டே வந்தேன். ரிக்‌ஷாக்காரர் ஒருத்தர் இந்த வீட்டைக் காட்டினார்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அந்த அம்மாளும் முழித்துக்கொண்டே கனவு கண்டிருக்கிறாள்.

"ஒத்திகையும் இல்ல, ஒண்ணியும் இல்ல" என்றாள் அம்மா. "தெரிஞ்ச மன்சன். வருவாரு, சோறு துன்னுவாரு, பூடுவாரு. எங்க வூட்டுக்காரு கப்பல்ல கீறாரு சார்."

"எந்தக் கப்பல்மா?"

"தண்ணில போற கப்பலு. கப்பலு வேற எதுல போவும்?"

அவர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உனக்கு அவர் என்ன வேணும்மா?"

முறை கேட்கிறார் என்று தெரிந்தது. ஆனாலும் அந்த "வேணும்" என் நெஞ்சில் வேறு மாதிரி விழுந்தது. அவரே வேணும், அவ்வளவுதான். அம்மாவின் கை தன்னால் நெற்றிப் பொட்டுக்குப் போனது. நான் சொன்னால் அந்தப் பொட்டு இருக்காது. அவளைப் பார்க்க முடியாமல் கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நைனா."

"இன்னாடி உளர்றே?"

"நைனாதாம்மா. நைனா செத்துட்டாரும்மா."

வந்தவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "நீங்க எழுதுன்னு சொன்னாதான் எழுதுவேன்மா" என்று எழுந்துபோனார். அம்மா காதில் அது விழுந்ததா தெரியவில்லை. "கப்பலு..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். சிவப்பு புருவம்வரை இழுபட்டது. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று கத்தினாள். நானும் அவள் மேல் சாய்ந்து, நைனா, நைனா என்று கத்தினேன். வாயில் அந்த வார்த்தை புதுசாக, வெதுவெதுப்பாக இருந்தது.

இட்லி விற்கிற பக்கத்து வீட்டுக்காரி மாவுக் கையோடு ஓடிவந்தாள். தந்தி வந்ததா, யாருக்கு என்ன ஆச்சு என்று ஒன்றும் கேட்கவில்லை. நேராக அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எல்லாரையும் சிரிக்கவச்சிட்டு நீ மட்டும் போயிட்டியே அண்ணாத்தே" என்று ஒப்பாரி வைத்தாள்.

அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "உனுக்குத் தெரியுமாடி?"

"அட, சந்துக்கே தெரியும்க்கா. நீ அழுவு."