அக்கா வீட்டுத் தரை

அக்காவைப் பத்து ஆராங் என்ற ஊரில் கட்டிக் கொடுத்தபோது நல்ல இடம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மாப்பிள்ளைக்குக் கரிச்சுரங்கத்தில் வேலை. கம்பெனி வீடு, கம்பெனி விளக்கு, கம்பெனி ஆஸ்பத்திரி. அந்த ஊரில் காற்று ஒன்றுதான் வெள்ளைக்காரக் கம்பெனிக்குச் சொந்தமில்லை, அதிலும் பாதி கம்பெனியின் புகைதான் என்று அப்பா சொல்வார். அப்பா ரயிலில் பயர்மேன், இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். மருமகன் அனுப்புகிற கரியை மாமனார் எரிக்கிறார், பொருத்தம் என்றால் இதுவல்லவா பொருத்தம் என்று நாங்கள் இருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் கேலி பேசினார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். கல்யாணம் ஆனால் அக்கா என்னை விட்டுப் போய்விடுவாள் என்று யாரும் என்னிடம் தனியாகச் சொல்லவில்லை.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்கள் முன்னால் நடந்தது இது. எனக்குப் பின்னால் அம்மாவுக்கு இரண்டு கைக்குழந்தைகள். ஆகவே எனக்குத் தலை வாரியது, சோறு பிசைந்து கொடுத்தது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொண்டது எல்லாம் அக்காதான். அவள் போன பிறகு அம்மா அவசரத்தில் பின்னிவிடும் சடை பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அவிழ்ந்துவிடும். நான் அதை முடிந்துகொள்ளாமல் அப்படியே போவேன். இது அக்கா இல்லாத பிள்ளை என்று ஊருக்குத் தெரியட்டும் என்ற எண்ணம்.

பள்ளி விடுமுறையில் அப்பா என்னை அங்கே கொண்டுபோய் விட்டார். காலிக் கரிவண்டிகளின் கடைசியில் இருக்கும் கார்டு பெட்டியில்தான் பயணம். குவாங் ஸ்டேஷனில் பெரிய பாதையை விட்டுப் பிரிந்து வண்டி காட்டுக்குள் போனது. காடு முடிந்ததும் புகைபோக்கிகள், செங்கல் சூளைகள், சீனர்கள் கூட்டமாகத் தங்கும் கொங்சி வீடுகள், அப்புறம் நம் ஆட்களின் வரிசை வீடுகளான லயங்கள். ஊருக்கு அடியில் இன்னொரு ஊர் இருக்கிறது என்றார் அத்தான். அங்கே கரி வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் சீனர்கள். வெட்டிய இடம் வெறும் பொந்தாக நின்றால் மேலே இருக்கிற ஊர் உள்ளே போய்விடும் என்பதால், தண்ணீரோடு மணலை விட்டு அதை அடைத்துக்கொண்டே வரவேண்டும். அத்தானுக்கு அந்த வேலை. "நான் அடைக்கலைன்னா உங்க அக்கா அடுப்போட கீழ வந்துடுவா, கொழுந்தியா" என்பார். கருத்த முகத்தில் பல்லும் கண்ணும் மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

அக்காவின் வீடு லயத்தின் கடைசி வீடு. அதன் அடுப்படியில் ஒரு மூலை எப்போதும் கதகதப்பாக இருக்கும். அடுப்புக்கு எதிர்ப்பக்கத்து மூலை அது. மழை விடாமல் பெய்த நாட்களிலும் துணியை அங்கே விரித்தால் காய்ந்துவிடும். தோசைமாவைக் கொண்டுபோய் வைத்தால் பாத்திரத்தை மீறிப் பொங்கும். நான் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெறும் தரையில் அந்த மூலையில்தான் படுத்தேன். உலகத்திலேயே அப்படி ஒரு வீடு அக்காவுக்குத்தான் கிடைத்திருக்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்பாகிட்ட இதச் சொல்லாதே" என்றாள் அக்கா.

"ஏங்க்கா?"

"சொன்னா கண்ணு பட்டுடும்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அங்கே எனக்குப் பிடித்த இன்னொன்றும் உண்டு. சாயங்காலம் அக்கா எந்த வேலையில் இருந்தாலும் சட்டென்று நிறுத்திவிட்டுத் தரையில் உள்ளங்கையை வைப்பாள். நான் பேசினால் "இரு" என்பாள். கொஞ்ச நேரத்தில் எங்கோ ஆழத்தில் தொம்மென்று ஒரு அதிர்வு வரும். அடுக்கில் தட்டுகள் லேசாகக் கிணுகிணுக்கும். வேலை முடிகிற நேரத்தில் கரிப்பாறைக்கு வைக்கும் வெடி அது. உடனே அக்காவின் முகம் தெளியும். "வெடி போட்டாச்சு, இனி வந்துடுவாங்க" என்று எழுந்து உலை வைப்பாள். சோறு வடிப்பதற்கும் வாசலில் அத்தான் செருமுவதற்கும் சரியாக இருக்கும். நானும் அவள் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்து விளையாடக் கற்றுக்கொண்டேன்.

விடுமுறை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று சாப்பிட உட்கார்ந்தோம். தரை சில்லென்று இருக்கிறது, பலகையைப் போட்டுக்கொள் என்றாள் அம்மா. அவ்வளவுதான், என் வாய் நிற்கவில்லை. அக்கா வீட்டுத் தரையெல்லாம் இப்படி இல்லை, மழையிலும் சுடும் என்று ஆரம்பித்தேன்.

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது.

"எந்த மூல? கை வச்சா எடுத்துடத் தோணுதா, இல்ல வச்சுகிட்டே இருக்கலாமா?"

ஒவ்வொன்றுக்கும் நான் பெருமையாகப் பதில் சொன்னேன். அப்பா மிச்சச் சோற்றைத் தொடவில்லை. அந்த ஊர்க் கரியை நாள்கணக்கில் குவித்துப் போட்டால் யாரும் நெருப்பு வைக்காமலே உள்ளுக்குள் கனியும், எங்கள் இஞ்சின் கொட்டகையில் அதை அடிக்கடி கிளறிவிடுகிறோம், அந்த வீட்டுக்கு அடியில் விட்டுப்போன கரி கனிகிறது என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். ஒருநாள் தரை வாயைத் திறந்தால் யாருக்கும் தெரியாது என்றார். அதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

அடுத்த ஓய்வு நாளில் அப்பா போய் அக்காவைக் கூட்டி வந்துவிட்டார். ஊரார் முன்னால் மாப்பிள்ளையின் மனம் நோகக் கூடாதே. அக்கா முழுகாமல் இருந்தது வசதியாகப் போயிற்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே, கொஞ்சம் முன்னாலேயே கூட்டிப் போகிறேன் என்றாராம். வயிறு இன்னும் வெளியே தெரியவில்லை, இப்போதே என்ன பிரசவம் என்று பக்கத்து வீட்டுக்காரிகள் வியந்தார்கள். வேறு வீடு கிடைத்தால்தான் அனுப்புவேன் என்று அத்தானிடம் அப்பா தனியாகச் சொல்லியிருந்தார். அத்தான் கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணியிடம் போய் நின்றபோது, அது வெயில் சூடு என்று பதில் வந்ததாம். கூரைக்குக் கீழே, அடுப்படி மூலையில், மழைக்காலத்தில் அடிக்கிற வெயில்.

எனக்கு இதெல்லாம் கவலையே இல்லை. அக்கா வந்துவிட்டாள், என் சடை மறுபடி இறுகியது. "தவளை தன் வாயால கெடும்பாங்க. உன் வாயால நான்லடி கெட்டேன்" என்று சொல்லி அவள் வெடுக்கென்று இழுத்துப் பின்னியதில் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த வலிகூட இனித்தது.

எங்கள் குவாட்டர்ஸ் தண்டவாளத்தை ஒட்டியது. சாயங்காலம் கிள்ளான் வண்டி போகும்போது தரை அதிரும், தட்டுகள் கிணுகிணுக்கும். பிறந்ததிலிருந்து கேட்பதால் எங்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. அக்காவுக்கு விழுந்தது. முதல் நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்துபோய் உலை வைத்தாள்.

"சோறுதான் வடிச்சாச்சே, யாருக்குடி உலை?" என்றாள் அம்மா.

அக்கா பானையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு இறக்கி வைத்தாள். இன்னும் சில நாட்கள் அப்படி நடந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஞாபகமறதி சகஜம் என்றார்கள். ராத்திரி படுத்தபின் அவள் கை தரையைத் தடவிக்கொண்டிருப்பதை நான் மட்டும் பார்த்தேன். தரை சில்லென்று இருப்பதுதான் அவளுக்குக் குறை என்று முடிவு செய்தேன். அவள் வந்து படுப்பதற்கு முன்னால் அவள் இடத்தில் நான் போய்ப் புரண்டு புரண்டு படுத்து, சூடாக்கிவிட்டு நகர்ந்துகொள்வேன். கண்டுபிடித்தபோது அவள் என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. நான் செய்த உபகாரத்துக்கு அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பையன் பிறந்து சில மாதம் கழித்து அத்தான் வெள்ளை வேட்டியும் சிரிப்புமாக வந்து நின்றார். மேட்டில், சுரங்கம் போகாத பக்கத்தில் வீடு கொடுத்துவிட்டார்களாம். "தரை ஐஸ் மாதிரி இருக்கு மாமா. நீங்களே வந்து கை வச்சுப் பாருங்க. கீழ வெடி போட்டாக்கூட ஒரு தட்டு அசையாது" என்றார். அப்பா மெய்யாகவே போய்க் கை வைத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினார். குழந்தையை மடியில் போட்டிருந்த அக்கா மட்டும் அத்தான் சொன்னபோதே, "வெடி போட்டாக்கூட ஒண்ணுமே தெரியாதா?" என்று கேட்டாள். "ஒண்ணுமே தெரியாது" என்றார் அத்தான், பெருமை பொங்க. அவள் முகம் ஏன் வாடியது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் என் சடையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் புறப்பட்டுப் போன அன்று வீடு பெரிதாகிவிட்டது. சாயங்காலம் நான் அக்கா படுக்கும் இடத்தில் குப்புறப் படுத்திருந்தேன், உள்ளங்கை தரையில் இருந்தது. கிள்ளான் வண்டி வந்தது. தரை அதிர்ந்தது, தட்டுகள் கிணுகிணுத்தன. நான் எழுந்துபோய்ப் பானையில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன்.

"நீயுமாடி? யாருக்கு உலை?" என்றாள் அம்மா.

நான் பானையை இறக்கப் போனேன். வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்த அப்பா, "இருக்கட்டும் விடு" என்றார். பிறகு அடுப்பருகே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விறகை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். தண்ணீர் கொதிக்கும்வரை அவர் எழுந்திருக்கவே இல்லை. நாளெல்லாம் நெருப்போடு கிடந்துவிட்டு வந்த மனிதருக்கு வீட்டிலும் எதற்கு நெருப்பு என்று நான் நினைத்தேன்.