காலுக்கும் ஒரு தபா

தொண்ணூறுகளில் தாம்பரம் பக்கம் ஒரு மருத்துவமனையின் ஆஞ்சியோ அறையில் டெக்னீஷியனாக இருந்தேன். ரத்தக் குழாய்க்குள்ளேயே போய் ஸ்கேன் படம் எடுக்கிற மெல்லிய குழல் ஒன்று எங்களிடம் இருந்தது. யானை விலை. அதனால் அலமாரியில் பூட்டிவைத்து, இதய நோயாளிக்கு மட்டும் எடுப்போம். காலுக்கு எக்ஸ்ரே நிழலே போதும் என்பது எங்கள் வழக்கம். மடத்தனமான வழக்கம் என்று நான் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தேன். அலமாரிச் சாவி என்னிடம்தான் இருந்தது.

பல்லாவரத்துத் தோல் பட்டறையில் வேலை செய்தவர் ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். தொடைக் குழாய் அடைத்து, கால் கட்டைவிரல் கறுக்க ஆரம்பித்திருந்தது. பலூன் வைத்தும் சரிவராவிட்டால் காலை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் விழித்துத்தான் இருந்தார்.

"ஸ்டேஷன் மேம்பாலம் ஏறச்சொல்லோ நாலு தபா நிக்கிறேம்மா. கால எட்த்துட்டா பட்டறைல எவன் சேப்பான்?" என்றார் படுத்தபடியே.

டாக்டர் பலூனை ஊதி அடைப்பை விரித்தார். எக்ஸ்ரே திரையில் ரத்தம் தாராளமாக ஓடியது. "பிரமாதம்" என்று ஒரு கையுறையைக் கழற்றினார். அவர் கையுறையைக் கழற்றிவிட்டால் கேஸ் முடிந்தது. அதற்குமேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நான் திறந்தேன். "டாக்டர், உள்ள ஒரு தடவை பாத்துடலாம்."

"இது கால்மா. ஹார்ட் இல்ல."

"ஹார்ட்ட வெச்சா அவர் பாலம் ஏறப்போறார், டாக்டர்?"

முறைத்தார். ஆனாலும் புதுக் கையுறை கேட்டார். நான் அலமாரியைத் திறந்தேன்.

படம் வந்ததும் டாக்டரே குனிந்து உற்றுப் பார்த்தார். குழாயின் உள்சுவர் கிழிந்து, உரிந்த சுண்ணாம்புபோல் நடுவில் தொங்கியது. வழி பாதிகூடத் திறக்கவில்லை. குழாய் நாங்கள் நினைத்ததைவிடப் பெரியது, நாங்கள் எடுத்த பலூன்தான் சின்னது. பெரிய பலூனை வைத்துச் சில நிமிடம் ஊதியபடியே பிடித்தோம். மறுபடி பார்த்தபோது கிழிசல் சுவரோடு ஒட்டி, வழி வட்டமாகத் தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், கொஞ்சம் கர்வமும்கூட.

சில மாதம் கழித்து, வெள்ளிக்கிழமைச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு பல்லாவரம் ஸ்டேஷன் மேம்பாலம் ஏறினேன். பின்னாலிருந்து யாரோ பையை வாங்கினார்கள். அவர்தான். இரண்டு காலாலும் விறுவிறுவென்று மேலே போய்விட்டார். நான் பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றேன்.

மேலேயிருந்து திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா நின்னுட்ட? உன் காலுக்குள்ளயும் ஒரு தபா பாக்கச் சொல்லு!"