ஒருத்தி சொன்னால் இருவருக்கும்

எடப்பாடிக்குப் பக்கத்து ஊரில் தீர்த்தகிரிக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தாலும் பிறந்தார்கள், ஊரே வைத்தியராகிவிட்டது. இரட்டைக்கு ஒரே உயிராம்! மூத்தவள் பெருமாயிக்குக் காய்ச்சல் வந்தால் இளையவள் அத்தாயிக்கும் நிலவேம்புக் கஷாயம். கல்லுக்குண்டு மாதிரி இருப்பவளின் மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள். பெருமாயி பானையை உடைத்தால் முதுகில் அடி இரண்டு பேருக்கும். எதையும் ஒருத்தியிடம் கேட்டால் போதும், மற்றவள் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. இதற்குப் பாசம் என்று பெயர் வேறு வைத்துக்கொண்டார்கள்.

அத்தாயிக்கு இதைக் கண்டாலே எரியும். பெருமாயிக்கோ சௌகரியம், வேலையில் பாதி தங்கச்சி தலையில் விழுந்துவிடுமே.

பதினேழு வயதில், 1931இல், எருமப்பட்டிச் சடையனுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். மீசையை முறுக்குவதைத் தவிர அவன் வேறு வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. இரட்டையைப் பிரித்தால் உயிருக்கு ஆகாது, இரண்டையும் அவனுக்கே கட்டிவிடலாம் என்று பெரிய மனிதர்கள் கூடித் தீர்மானித்தார்கள். பெருமாயியைக் கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க" என்றாள். அத்தாயியின் சம்மதமும் அதிலேயே சேர்த்தி!

"என்னையக் கேக்காம நீ எப்படிடி சரீன்னு சொன்ன?" என்று அத்தாயி பாய்ந்தாள்.

"உன்னைய உட்டுட்டு நான் எப்படிப் போவேன்?" என்றாள் பெருமாயி. கண்ணென்னவோ மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த ஜிமிக்கியிலேயே இருந்தது.

உப்புச் சக்கரை மாற்றிக்கொள்ள இரு வீட்டாரும் உட்கார்ந்தார்கள். தட்டு கைமாறிவிட்டால் கல்யாணம் உறுதி, அப்புறம் பேச்சு மாறக் கூடாது. சடையனின் அப்பன் தட்டை எடுக்கும்போது அத்தாயி நடுவில் வந்து நின்றாள்.

"எனக்கு வேண்டாமுங்க. ஒருத்தி சொன்னா ரெண்டு பேரும் சொன்ன மாதிரின்னு நீங்கதானுங்களே சொல்லுவீங்க? அப்ப அவளுக்கும் வேண்டாமுங்க. தட்டை எடுத்துக்கிட்டுப் போங்க."

பெரிய மனிதர்கள் திருதிருவென்று விழித்தார்கள். மீசையிலிருந்த மாப்பிள்ளையின் கை கீழே இறங்கியது. உள்ளேயிருந்து பெருமாயி ஓடி வந்தாள்.

"அவளுக்கு வேண்டாட்டி எனக்கென்னங்க? அவ வேற, நான் வேறங்க! அவ கெடக்கறா, என்னைய மட்டும் கூட்டிக்கிட்டுப் போங்க!"

அத்தாயி தொண்டை வறளச் சொல்லியும் இத்தனை வருஷம் யார் காதிலும் ஏறாத பேச்சு, ஒரு மீசைக்காக அக்காள் வாயிலிருந்தே வந்துவிட்டது. பெருமாயி தனியாகத்தான் எருமப்பட்டிக்குப் போனாள். யாருக்கும் உயிர் போகவில்லை. அத்தாயி மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அழுதாள். கேட்டது கிடைத்ததற்கு அழுகிறோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

பிறகு சூரமங்கலத்தில் எருமை வைத்திருந்த சின்னண்ணன் என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அந்தச் சம்மதத்தை அவளே சொன்னாள். ரயில்வேக்காரர் வீடுகளுக்குப் பால் ஊற்றப் போகும்போது பிறந்த ஊர்க்காரர்கள் எதிர்ப்பட்டு, "ரெண்டு பேரும் சௌக்கியமா சாமி?" என்பார்கள்.

"அவளை எருமப்பட்டிக்குப் போய்க் கேளுங்க," என்பாள் அத்தாயி. "நான் சௌக்கியமுங்க."