இடப்பக்கக் கண்ணாடி

கல்லூரி மூன்றாம் ஆண்டு லீவில் வீட்டுக்கு வந்திருந்தபோது, ரெட்டிபாளையம் சிமெண்ட் ஃபேக்டரித் திருப்பத்தில் ஒரு சிமெண்ட் லாரி என் ஸ்கூட்டர் மேல் ஏறியது. நான் அதன் இடப்பக்கம் ஒட்டியே போய்க்கொண்டிருந்தேன். அது சட்டென்று இடது கைப்பக்கம் திரும்பிவிட்டது. மண்ணில் போய் விழுந்ததில் காறை எலும்பு முறிந்தது. டிரைவர் இறங்கி ஓடிவந்து, "கண்ணாடியில நீ தெரியவே இல்லம்மா" என்றார். பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே அவரைத் திட்டித் தீர்த்தாள்.

எலும்பு கூடியதும் பெரம்பலூரில் கல்லூரிக்குத் திரும்பினேன். அந்தத் திருப்பத்தையே கம்ப்யூட்டர் கேமாக்கி இறுதியாண்டு புராஜெக்டாகக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். விளையாடுகிறவர்தான் லாரி டிரைவர். புராஜெக்டைப் பார்த்துக்கொண்ட எங்கள் மேடம் தயங்கினார்.

"கேம்னா எக்ஸாமினர் மதிக்க மாட்டாரும்மா. அட்டெண்டன்ஸ் சாப்ட்வேர் மாதிரி ஏதாவது செஞ்சுட்டுப் போயேன்."

"இல்ல மேடம், இதத்தான் செய்யப்போறேன்."

ஆனால் டிரைவர் சீட்டிலிருந்து ரோடு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து, ஃபேக்டரி வாசலில் லாரிகள் நிற்கும் இடத்துக்கு அந்த டிரைவரைத் தேடிப் போனேன். தனியாக அனுப்ப மாட்டேன் என்று அம்மாவும் கூட வந்தாள். எங்களைக் கண்டதும் அவர் முகம் சுருங்கிப்போனது. விஷயத்தைச் சொன்னேன். லாரிக் கதவைத் திறந்துவிட்டார்.

மேலே ஏறி உட்கார்ந்து, அம்மாவை இடப்பக்க முன் சக்கரத்துக்கு அருகே போய் நிற்கச் சொன்னேன். கண்ணாடியில் பார்த்தேன், ஜன்னலில் பார்த்தேன். ஆளைக் காணோம்.

"எங்கம்மா நிக்கிற?"

"இங்கதான்டி, சக்கரத்துக்குப் பக்கத்துல!"

குரல் மட்டும்தான் வந்தது. லாரியின் பின்பக்கமாக நடக்கச் சொன்னேன். நாலு எட்டு வைத்த பிறகுதான் கண்ணாடியில் அவள் தலை தெரிந்தது. இறங்கி அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். பிறகு அம்மா தானே மேலே ஏறி, என்னைச் சக்கரத்தருகே நிற்கவைத்துப் பார்த்தாள். வெகுநேரம் இறங்கவே இல்லை. இறங்கி வந்ததும் டிரைவரிடம் அவள் கேட்டது ஒன்றுதான்: "சாப்ட்டீங்களா?"

அடுத்த சிக்கல் லேபில் வந்தது. கேமில் லாரியின் கண்ணாடிக்குள் காட்சி தெரிய, முழு ரோட்டையும் கம்ப்யூட்டர் இன்னொரு முறை வரைய வேண்டும். லேப் கம்ப்யூட்டர் திக்கித் திணறி நின்றது. "கண்ணாடிய எடுத்துடு" என்றார் மேடம். நான் மரங்களை எடுத்தேன். கடை போர்டுகளையும் நிழல்களையும் எடுத்தேன். ஃபேக்டரி வெறும் சாம்பல் பெட்டியாகிவிட்டது. கண்ணாடியை மட்டும் தொடவில்லை.

தேர்வன்று எக்ஸாமினர் கேமில் லாரியை ஓட்டி, இடது பக்கம் திருப்பினார். ஒரு ஸ்கூட்டர் மேல் மோதிவிட்டது.

"இந்த வண்டி எங்கேருந்து வந்துச்சு? திடீர்னு கொண்டாந்து விட்டுட்டியா?"

அதே காட்சியை மேலேயிருந்து பார்ப்பதுபோல் ஓட்டிக் காட்டினேன். ஸ்கூட்டர் ஆரம்பத்திலிருந்தே லாரி பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தது. "இன்னொரு தடவ போடு" என்றார் அவர். நாலாவது தடவைதான் மோதாமல் திருப்பினார். ஒரு மரம்கூட இல்லை, படம் சுமார் என்று மார்க்கைக் குறைத்துத்தான் போட்டார். வருத்தமாகத்தான் இருந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அரியலூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பஸ்ஸில் போகிறேன். சைக்கிளில் வரும் பிள்ளைகள் வரிசையாக வந்து லாரி ஓட்டுகிறார்கள், வரிசையாக மோதுகிறார்கள். போன வாரம் ஒரு எட்டாம் வகுப்புப் பெண் மூன்று முறை மோதிவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, அப்ப நாமதான் பின்னாடியே நின்னுக்கணுமா?"

"ஆமா. கண்ணாடியில டிரைவர் முகம் உனக்குத் தெரியிற இடத்துலயே நில்லு, அதுக்கு மேல பக்கத்துல போகாத. அவரு உனக்குத் தெரிஞ்சாத்தான் நீ அவருக்குத் தெரிவ" என்றேன்.