படகு இழுக்க ஒரு வண்டி

பழைய வண்டி விற்கிற கடையில் மூன்று வருஷம் உட்கார்ந்ததில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: வாங்க வருகிறவர் வண்டியைப் பார்ப்பதே இல்லை, அது தன் வீட்டு வாசலில் நின்றால் எப்படி இருக்கும் என்றுதான் பார்க்கிறார். கீழ்வேளூர் மெயின் ரோட்டில் நடேசன் அண்ணனின் ஆட்டோ கன்சல்டிங் கடை. டெலிபோன் எடுப்பது, ஆர்.சி. புக்குகளைப் பூட்டி வைப்பது, வருகிறவர்களுக்கு டீ சொல்வது எல்லாம் என் பொறுப்பு. எங்காவது ஒரு கடையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, “வண்டி நல்லாத்தான் இருக்கு, ஆனா...” என்பதற்கு அப்புறம் என்ன வரப்போகிறதோ என்று நீங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்திருந்தால், நமக்குள் மறைக்க ஒன்றுமில்லை. மேலே படியுங்கள்.

தயிர்சாதம்

ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வேன் பார்க்க வந்தது. ஒன்பது பேர். ஒன்பது பேரும் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஊறுகாய் வாசனை வந்தது. கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்து, பெரியவர் பின் சீட்டில் ஒரு தூக்கமும் போட்டார். நான் பொறுமையாக இருந்தேன். இவ்வளவு சொந்தமாகப் புழங்குகிறவர்கள் வாங்காமலா போவார்கள்?

இறங்கி, எங்கள் குடத்துத் தண்ணீரிலேயே கை கழுவிவிட்டுப் பெரியவர் சொன்னார்: “வண்டி நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க மாட்டுக்கு இந்தக் கலரு ஆகாதும்மா.”

சொந்த வீட்டுக் கஸ்டமர்

அப்படிப்பட்டவர்களையெல்லாம் சமாளித்த எனக்கு, அந்த வருஷம் என் வீட்டுக்குள்ளிருந்தே ஒரு கஸ்டமர் கிளம்பினார். என் வீட்டுக்காரர் லூர்து.

அவர் குவைத்துக்குப் போகும்போது எங்கள் மகள் ஜெனி என் வயிற்றில் இருந்தாள். மூன்று மாத லீவில் அவர் திரும்பி வந்தபோது அவளுக்கு மூன்று வயசு. பேண்ட் போட்ட ஆம்பளை எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரி அவரையும் ‘மாமா’ என்றாள். திருத்திப் பார்த்தோம், ‘குவைத் மாமா’ என்றாள். ஒரு வாரம் அதைக் கேட்டுவிட்டு, இனிமேல் நான் போகவில்லை என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் திரும்பிப் போகிற டிக்கெட் பீரோவில் துணிக்கு அடியில் இருந்தது. இங்கே பிழைப்புக்கு வழி செய்தால் டிக்கெட் வீண். செய்யாவிட்டால் அவர் பிளேனில், ஜெனிக்கு மறுபடியும் ஒரு மாமா.

வழி என்னவென்றால், குவைத்தில் அவரோடு ஒரே ரூமில் இருந்த மதி நாகப்பட்டினத்து மீனவர். ரெண்டு பேரும் கூட்டாக ஒரு ஃபைபர் படகு வாங்குவது, மதி மீன் பிடிப்பது, இவர் விற்பது. மதி ரெண்டு மாசம் கழித்துத்தான் வருவார். அதற்குள் நல்ல படகு ஒன்று விலைக்கு வந்ததால் இவர் வாங்கிவிட்டார். குவைத்தில் வெள்ளிக்கிழமையானால் பெரிய பெரிய வண்டிகளுக்குப் பின்னால் படகைக் கொக்கி மாட்டிக் கடலுக்கு இழுத்துப் போய், சாயங்காலம் வீட்டுக்கு இழுத்து வருவார்களாம். அதைப் பார்த்துப் பார்த்து இவருக்கு அதுதான் முறை என்று மனசில் பதிந்துபோயிற்று. ஆகவே படகு இழுக்க ஒரு வண்டி வேண்டும்.

கஸ்டமர் என்றால் கஸ்டமர்தான். நடேசன் அண்ணன் நாற்காலி போட்டார், நான் டீ சொன்னேன். படகு எத்தனை அடி என்று கேட்டோம். இருபத்தைந்து. எவ்வளவு தூரம்? நாகப்பட்டினம், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். எத்தனை நாளைக்கு ஒரு தடவை? தினமும் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்ப வேண்டும். அண்ணன் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் எல்லாவற்றையும் என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் பக்கிரி அண்ணன் மட்டும் தலையை வெளியே நீட்டினார்: “போட்டாச்சும் தானா ஓடுமா லூர்து, இல்ல அதையும் நாங்கதான் தள்ளி ஸ்டார்ட் பண்ணணுமா?”

தென்னை மரத்தில் கட்டியது

படகு எங்கள் வீட்டுக்கு லாரியில் வந்தது. இறக்கியவர்கள் பதினெட்டு பேர். பதினெட்டு பேருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தோம். தினமும் ஏற்றி இறக்கப் பதினெட்டு பேருக்குப் பரோட்டா கட்டுப்படியாகாது என்பதால்தான் இழுக்கிற யோசனை இன்னும் உறுதியானது.

‘ஏன் அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்?’ என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் வயல்காரர்கள். காலையில் வெளியே போன மாடு, கலப்பை, மண்வெட்டி எதுவானாலும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். என் மாமனார் படகு வாங்கச் சம்மதித்ததே, “பொழுது சாய நம்ம களத்துல நிக்கணும்” என்ற ஒரே நிபந்தனையில்தான். எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. வண்டி விற்கிறவள் நான், வண்டியைப் பற்றித்தான் யோசித்தேன்.

அதுவரை நெல் காய்ந்த களத்தில் படகு கிடந்தது. கோழி அதற்குள் முட்டையிட்டது. மழைத் தண்ணீர் தேங்கினால் ஜெனி அதிலேயே குளித்தாள். மாமனார் தினமும் மாட்டுக் கயிற்றால் படகின் மூக்கைத் தென்னை மரத்தில் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ‘இதைத் தூக்கவே பதினெட்டு பேர் வேணுமே மாமா, யார் கொண்டுபோகப் போறா?’ என்று கேட்டேன். அவர் முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அந்தப் பதினெட்டு பேரும் பரோட்டா ருசி கண்டவனுங்கம்மா.”

அம்பாசடர்

டயர் மாட்டுவண்டியின் சக்கரத்தையும் அச்சையும் வைத்து, லேத் பட்டறையில் படகுக்கு ஒரு வண்டி அடித்தார்கள். அதற்கு முன்னால் எதைக் கட்டுவது என்பதுதான் கேள்வி. எங்கள் கடையில் நின்ற அம்பாசடரை முதலில் கட்டினோம். பார்வைக்கு லட்சணமாக இருக்கும் என்பது அண்ணன் கணக்கு.

படகின் பாரம் கொக்கியில் இறங்கியதும் காரின் பின்பக்கம் உட்கார்ந்தது, முன்பக்கம் எழுந்தது. ஸ்டியரிங்கில் இருந்த லூர்து, ரோடு தெரியவில்லை, தென்னை மட்டைதான் தெரிகிறது என்றார். பாரத்தைச் சரிபண்ண மாமனார் பானட் மேல் ஏறி உட்கார்ந்தார். அப்புறம் மாமனார் மட்டும்தான் தெரிந்தார். களத்திலிருந்து தெருமுனை வரைக்கும் போனார்கள். வாய்க்கால் சரிவில் இறங்கும்போது படகு பின்னாலிருந்து நெட்டித் தள்ள, கார் அலறிக்கொண்டு ஓடியது. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்த நடேசன் அண்ணன், தொழிலில் முதல் தடவையாகத் தன் வண்டியைத் தானே குறை சொன்னார்: “இது படகை இழுக்கலைப்பா, படகுக்குப் பயந்து ஓடுது.”

ஜீப்பும் டீக்கடையும்

அடுத்தது ஜீப். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக இழுத்தது. லூர்துவும் முகம் மலர்ந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். டிக்கெட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இதுதான் நம்ம வண்டி என்று ஆர்.சி. புக்கையே எடுத்து வெளியே வைத்துவிட்டேன்.

எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேருகிற இடத்தில் ஒரு மதகு, மதகை ஒட்டி டீக்கடை. ஜீப் அழகாகத் திரும்பிவிட்டது. பின்னால் வந்த படகுக்கு அவ்வளவு இடம் போதவில்லை. பின்னுக்கு எடுத்துத் திருப்பலாம் என்று ரிவர்ஸ் போட்டார். கட்டி இழுக்கிற வண்டி ரிவர்ஸில் நாம் ஒரு பக்கம் ஒடித்தால் அது இன்னொரு பக்கம் போகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், அவருக்கும்தான். படகின் பின்பாதி டீக்கடைக்குள் மெதுவாக நுழைந்தது. பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் காலை மட்டும் தூக்கிக்கொண்டார்கள். யாருக்கும் அடியில்லை, பன் வைத்திருந்த கண்ணாடி பாட்டில் ஒன்றுதான் உடைந்தது. வெளியே எடுக்க மத்தியானம் ஆயிற்று.

டீ மாஸ்டர் கோபப்படவில்லை. படகு விளிம்பில் வரிசையாகக் கிளாஸை வைத்து ஆற்றிக்கொண்டே சொன்னார்: “தெனம் வர்றதா இருந்தா சொல்லுங்க லூர்து, பெஞ்சை எடுத்துடறேன்.”

அன்றைக்குச் சாயங்காலம் லூர்து பீரோவைத் திறந்து டிக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப அதே துணிக்கு அடியில் வைத்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி சாதம் வடித்தேன்.

மாதா கோயில் படகு

கடைசியாக டிராக்டர். நடவுக்கு உழுகிற சமயம், அதனால் ஒரே ஒரு நாள்தான் தர முடியும் என்று சொல்லித்தான் டிராக்டர்காரர் கொடுத்தார். டிக்கெட்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. மதியும் குவைத்திலிருந்து வந்து, கடற்கரையில் காத்திருக்கிறேன் என்று போன் பண்ணியிருந்தார். நான் கடைக்கு லீவு போட்டேன். லூர்து டிராக்டரில், பக்கிரி அண்ணன் மட்கார்டில், நானும் ஜெனியும் மாமனாரும் படகுக்குள். மாமனார் மாட்டுக் கயிற்றையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார். மதகு திருப்பத்தில் டீ மாஸ்டர் சொன்னபடியே பெஞ்சை எடுத்து வைத்திருந்தார், படகு தப்பித்துத் திரும்பியது.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் ரோடு நிறையப் போய்க்கொண்டிருந்தார்கள். டிராக்டர் அவர்கள் நடக்கிற வேகத்தில்தான் போனது. முதலில் ஒருவர் தன் பையைப் படகில் வைக்கலாமா என்று கேட்டார். மாமனார் வாங்கி வைத்தார். அப்புறம் யாரும் கேட்கவில்லை. பை, சொம்பு, செருப்பு, கால் வீங்கிய ஒரு அத்தை, ஒரு கைக்குழந்தை என்று படகு நிறைந்தது. யாரோ மூக்கில் மாலையும் போட்டுவிட்டார்கள். முன்னால் பாட்டு, பின்னால் ஜெபமாலை. லூர்துவுக்கு ஹாரன் அடிக்கவே கூச்சமாகிவிட்டது.

கால் வீங்கிய அத்தை படகைத் தடவித் தடவிப் பார்த்தார். மாதாவுக்கு வெள்ளியில் சின்னப் படகு செய்து போடுகிறவர்களை அவருக்குத் தெரியும். டிராக்டர் பக்கம் எட்டிப் பார்த்து, மனசு தாங்காமல் கேட்டார்: “இம்மாம்பெரிய படகா நேர்ந்துக்கிற அளவுக்கு உனக்கு என்னப்பா கஷ்டம்?”

மதி கேட்ட கேள்வி

நாகப்பட்டினத்தில் அத்தையையும் குழந்தையையும் பைகளையும் இறக்கிவிட்டு, கடற்கரை போய்ச் சேரும்போது மணி மூன்று. மதி ஓடி வந்து லூர்துவைக் கட்டிக்கொண்டார். படகைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, நல்ல படகு என்றார். மாலையை மட்டும் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார். இறக்கலாமா என்று ஆட்களைக் கூப்பிடப் போனவரை என் மாமனார் நிறுத்தினார். சூரியனைக் காட்டி, இப்போது கிளம்பினால்தான் விளக்கு வைப்பதற்குள் வீடு போய்ச் சேரலாம், இன்றைக்கு இவ்வளவு போதும் என்றார். பக்கிரி அண்ணன் கொக்கியைச் சரிபார்க்க ஆரம்பித்துவிட்டார். படகு இன்னும் ஒரு சொட்டுக் கடல் தண்ணீரைத் தொடவில்லை.

யாரு எந்த வீட்டுக்குப் போகணும் என்று மதிக்கு ஒன்றும் புரியவில்லை. லூர்து விளக்கினார். அம்பாசடர், ஜீப், டீக்கடை எல்லாம் சொன்னார். மதி சிரிக்காமல் கேட்டுவிட்டு மாமனாரை அந்தக் கரையைப் பார்க்கச் சொன்னார். மணலில் வரிசையாக அறுபது எழுபது படகுகள் கிடந்தன. அத்தனையும் ராத்திரி இங்கேயேதான் கிடக்கும், வீட்டுக்குப் போவது நாங்கள்தான் என்றார். மாமனார் ஒப்பவில்லை. கண்ணுக்கு எட்டாத இடத்தில் சொத்தை விட்டுவிட்டு ஒருத்தன் எப்படிச் சோறு சாப்பிடுவான் என்று கேட்டார். லூர்து என்னைப் பார்த்தார். எனக்கு அந்த ஒன்பது நாளும் கண் முன்னால் வந்து நின்றது.

மதி மரியாதையாகத்தான் கேட்டார்: “உங்க வயலைப் பொழுது சாய்ஞ்சா எங்கய்யா கொண்டாந்து கட்டுறீங்க?”

மாமனார் படகிலிருந்து மாட்டுக் கயிற்றை எடுத்து வந்து மதி கையில் கொடுத்தார். “மூக்குல கட்டுங்க தம்பி. ஒத்த முடிச்சு போடாதீங்க.”

கடைசியில் எடுத்த வண்டி

மறுநாள் லூர்து மறுபடியும் கடைக்கு வந்தார். நடேசன் அண்ணன் கும்பிட்டே விட்டார். லாரிதான் பாக்கி, அது என்னிடம் இல்லை என்றார். எதையும் இழுக்க வேண்டாம், நான் போய்விட்டு வந்தால் போதும் என்றார் இவர். மூலையில் கோணிப்பை போர்த்தி நின்ற ஒரு மொபெட்டைக் காட்டினேன். தினமும் விடியலில் அதில் நாகப்பட்டினம் போய், மீன் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு கீழ்வேளூர், சுற்றுப்பட்டு ஊரெல்லாம் விற்றுவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுகிறார். முதல் ஒரு வாரம் கூடைக்குப் பதிலாக மாமனார் உட்கார்ந்து போனார், முடிச்சு இருக்கிறதா என்று பார்க்க.

டிக்கெட் தேதி எப்போது வந்தது, எப்போது போனது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ரெண்டு நாள் கழித்து துணி மடித்து வைக்கும்போதுதான் பார்த்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அவர் மொபெட்டை நிறுத்தி, குவைத்திலிருந்து வந்த நாள் முதல் செய்கிற மாதிரி, கையை நீட்டி ஜெனியைத் தூக்கப் போனார். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ரெண்டடி பின்னால் போனாள். “அப்பா, கிட்ட வராத. மீன் நாத்தம்.”

ஒரு காரை உட்கார வைத்து, ஒரு ஜீப்பை டீக்கடைக்குள் விட்டு, ஒரு டிராக்டரை மாதா கோயில் ஊர்வலத்தில் சேர்த்த பிறகுதான், பொழுது சாய வீடு வந்து சேரவேண்டியது படகு இல்லை என்பது வண்டி விற்கிற எனக்கே விளங்கியது.